காயிலுக்கு எந்த மெழுகு? – கடிதம்

அன்புள்ள சார்,

பழைய வால்வு ரேடியோ ஒண்ணைச் சரி பண்ணிட்டிருக்கேன். ஏரியல் காயில், அதான் ஆன்டெனா பக்கத்துக் கம்பிச்சுருள், மேல இருந்த மெழுகு பொரிஞ்சு உதிர்ந்து, பருத்தி நூல் சுத்தின கம்பி வெளிய தெரியுது. வீட்ல கிடக்கிற மெழுகுவத்தியை உருக்கி ஊத்திடலாமா, இல்ல தேன்மெழுகுதான் வாங்கணுமா? கழட்டிப் போட்ட பேப்பர் கெபாசிட்டர்ல இருக்கிற மெழுகையே உருக்கி எடுத்தா ஒரிஜினலாவே இருக்குமேன்னும் தோணுது.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சிடறேன், அந்த கெபாசிட்டர் மெழுகை மட்டும் உருக்காதீங்க. அந்தக் காலத்துல கெபாசிட்டருக்கு ஹேலோவாக்ஸ்னு ஒரு சரக்கு நிறைய போட்டாங்க, குளோரின் ஏத்தின நாஃப்தலீன், அதோட ஆவி பட்ட தொழிலாளிங்களுக்கு தோல்ல கட்டி கட்டியா வந்துச்சு, கல்லீரல் கெட்டு செத்தவங்களும் உண்டு. 2015ல ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையோட (மக்காத நச்சு ரசாயனங்களைத் தடுக்கிற உலக ஒப்பந்தம்) தடைப் பட்டியல்லயே அதைச் சேர்த்துட்டாங்க. உங்ககிட்ட இருக்கிறது அதுவா சாதா மெழுகான்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாது.

மெழுகுவத்தியும் வேண்டாம். கெட்டியா நிக்கறதுக்காக அதுல பல சமயம் ஸ்டியரிக் ஆசிட் கலப்பாங்க, சாயம் வாசனை வேற. அந்த ஆசிட் செம்போட சேர்ந்தா பச்சை பிடிக்கும், முடி கனக் கம்பியில அது போதும், ஒருநாள் ரேடியோ பேசாம நின்னுடும். தேன்மெழுகுலயும் இயல்பாவே கொஞ்சம் அமிலம் உண்டு, ஆனாலும் அந்தக் காலத்துல அதைப் போட்டு ஓட்டியிருக்காங்க. சுத்தமான பாரஃபின் மின் இழப்புல ரொம்ப நல்லது, காயிலோட கியூ, அதாவது ஸ்டேஷனைக் கூர்மையாப் பிரிச்சுக் காட்டற தரம், அதிகம் இறங்காது, ஆனா ஆறும்போது சுருங்கி விரிசல் விடும், உங்க காயில்ல பொரிஞ்சது அந்த ஜாதியா இருக்கலாம். மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு (பெட்ரோலியத்துலருந்து வர்ற, பொடிப் படிகமா உள்ள மெழுகு) கிடைச்சா நான் அதைத்தான் எடுப்பேன், வளைஞ்சு கொடுக்கும், ஒட்டிப் பிடிக்கும், உருகுநிலையும் ரகத்தைப் பொறுத்து 60லருந்து 90 டிகிரி வரைக்கும் இருக்கு. கிடைக்கலைன்னா பாரஃபின் நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு. எலக்ட்ரிக் கிட்டார்ல கம்பி அதிர்வைப் பிடிக்கிற காயிலை (பிக்கப்) மெழுகுல முக்கறவங்க வழக்கமா வெச்சிருக்கிற கலவை இது. ஒண்ணு பாத்துக்கோங்க, தேன்மெழுகு 62-64 டிகிரியிலயே உருகிடும், காயில் சூடு கக்கற பவர் வால்வுக்குப் பக்கத்துல இருந்தா உருகுநிலை ஜாஸ்தியா உள்ளதாப் போடுங்க.

ஆனா எந்த மெழுகுங்கறதைவிட காய வெச்சீங்களாங்கறதுதான் முக்கியம். பருத்தி நூல் ஈரத்தை உறிஞ்சி வெச்சிருக்கும், அது மேல மெழுகைப் பூசினா ஈரத்தை உள்ள வெச்சு சீல் பண்ணின கதை. நானே ஒருதடவை அவசரத்துல பூசிட்டேன், பளபளன்னு அழகா இருந்துச்சு, அடுத்த மழைக்காலம் முடியறதுக்குள்ள கம்பி உள்ளயே பச்சையாகி அத்துப்போச்சு.

அதனால காயிலை 60-70 டிகிரி சூட்டுல ரெண்டு மணி நேரம் வைங்க, சூடு ஆறறதுக்குள்ளயே உருகின மெழுகுல இறக்குங்க. காயில் குளிர்ந்திருந்தா மெழுகு மேலாப்புல உறைஞ்சு நின்னுடும். இறக்கின உடனே சுத்துகளுக்கு நடுவுலருந்து பொடிப்பொடியா காத்துக் குமிழி வரும், அது நிக்கற வரைக்கும் எடுக்கக் கூடாது, நின்னதும் மெதுவா தூக்கித் தொங்க விட்டு வடிய விடுங்க. காயிலோட பாலிஸ்டைரீன் (ஒரு பிளாஸ்டிக்) கெபாசிட்டர் ஏதாவது சேர்ந்திருந்தா கழட்டிட்டு முக்குங்க, சூட்டுல அது சுருண்டுடும். மெழுகை நேரா அடுப்புல வைக்காம, கொதிக்கிற தண்ணிக்குள்ள பாத்திரத்தை வெச்சு உருக்குங்க, தப்பித்தவறி பத்திக்கிச்சுன்னா தண்ணி ஊத்தாதீங்க, மூடியைப் போட்டு மூடிடுங்க.

பூச்சு மெல்லிசா இருக்கணும். காத்து இருந்த இடத்துல மெழுகு வந்து உக்காந்தா காயிலோட சொந்த கெபாசிட்டன்ஸ் (சுத்துகளுக்கு நடுவுல தானா உண்டாகிற மின்தேக்கம்) ஏறும், ஸ்டேஷன் டயல்ல கொஞ்சம் தள்ளி நிக்கும். முழுசா ஆறி ஒருநாள் போகட்டும், அப்புறமா டிரிம்மரை, அதாவது ஸ்டேஷனை டயலுக்கு நேரா கொண்டுவர திருப்பற குட்டி கெபாசிட்டரை, தொடுங்க.