தினமும் 14 கி.மீ. போய்வர சிட்ரோன் அமி போதுமா?

பாரிஸ் புறநகரில் இருந்து வேலைக்குப் போய்வர மொத்தம் 14 கி.மீ., இதற்கு சிட்ரோன் நிறுவனத்தின் குட்டி மின்வண்டியான அமி சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தூரத்தைப் பொறுத்தவரை தாராளமாகப் போதும். 5.5 கிலோவாட் மணி பேட்டரி; முழு சார்ஜில் சுமார் 75 கி.மீ. என்கிறது நிறுவனம். குளிர்காலத்தில் அது குறையும். அப்போதும் வாரத்துக்கு இரண்டு தடவை சார்ஜ் போட்டால் ஓட்டிவிடலாம். சாதாரண வீட்டு பிளக் போதும், மூன்று நான்கு மணி நேரத்தில் நிறைந்துவிடும்.

ஆனால் நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பாதையை. சட்டப்படி இது கார் இல்லை, இலகு நான்குசக்கர வண்டி. அதனால்தான் பிரான்சில் 14 வயதுப் பிள்ளைகளும் அதற்கான உரிமம் எடுத்து ஓட்டுகிறார்கள். வேகம் 45 கி.மீ.க்கு மேல் போகாது, அதிவேக நெடுஞ்சாலையில் ஏறவும் அனுமதி இல்லை. உங்கள் வழியில் 70, 80-இல் வண்டிகள் பறக்கும் சாலை ஒன்று இருந்தாலும் தயவுசெய்து வேண்டாம். இதில் ஏர்பேக் கிடையாது. பின்னால் லாரி வந்து ஒட்டிக்கொண்டு நிற்கும்போது பயம் பிடிக்கும்.

முழுக்க ஊருக்குள்ளேயே போகும் பாதை என்றால் நல்ல வண்டி. நீளம் 2.41 மீட்டர்தான், பார்க்கிங் கவலை பாதி போய்விடும். மழையில் நனையாமல் இருவர் போகலாம். ஏசி இல்லை.

அப்புறம், சார்ஜ் கேபிள் வண்டியோடு இணைந்தே இருக்கிறது. மாடி வீட்டில் இருந்தால், கீழே பிளக் வசதி உண்டா என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.