வின்ச்சுக்கு ஸ்டீல் கேபிளா, சிந்தெடிக் ரோப்பா? – வாசகர் கேள்விகளுக்குப் பதில்

போடிநாயக்கனூர் வாசகர்: போடிமெட்டுக்கு அப்பால் உடும்பன்சோலைப் பகுதியில் எங்களுக்கு ஏலத்தோட்டம் இருக்கிறது. மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை சேறாகிவிடுவதால் ஜீப்பின் முன்பக்கம் 9,500 பவுண்டு இழுதிறனுள்ள மின் வின்ச் (கேபிளை மரத்தில் மாட்டி, சிக்கிய வண்டியை இழுத்து மீட்கும் கருவி) பொருத்தியிருக்கிறோம். அதிலுள்ள ஸ்டீல் கேபிளில் கம்பிகள் பிய்ந்து நீட்டிக்கொண்டிருக்கின்றன. சிந்தெடிக் ரோப் போடலாம் என்கிறான் மகன். அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது என்கிறார் கடைக்காரர். எதை வாங்குவது?

பதில்: உங்கள் பாதைக்கும் வேலைக்கும் சிந்தெடிக் ரோப்தான் பொருத்தமானது. கடைக்காரர் சொல்வதும் முழுக்கத் தவறன்று. கவனிப்பாரில்லாமல் விட்டால் அந்த ரோப் ஒரே மழைக்காலத்தில் கெட்டுப்போகக்கூடும். ஆகவே அது எங்கே, எதனால் கெடும் என்பதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

பார்வைக்குக் கயிறுபோல இருப்பதால் அதன் வலிமையில் பலருக்கு ஐயம் எழுகிறது. வின்ச்சுக்கென்று விற்கப்படும் நல்ல ரோப் சாதாரண நைலான் கயிறு அன்று. மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன் இழைகளைப் பன்னிரண்டு புரிகளாகப் பின்னிச் செய்தது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற வணிகப் பெயர்களில் அறியப்படுவது இந்த இழையே. 9.5 மி.மீ. தடிமனில், ஏழு புரிகளும் புரிக்குப் பத்தொன்பது கம்பிகளுமாக முறுக்கப்பட்ட ஸ்டீல் கேபிள் ஏறத்தாழ 6,500 கிலோ இழுவிசையில் அறும். அதே அளவுள்ள தரமான சிந்தெடிக் ரோப் புதிதாக இருக்கும்போது சுமார் 8,000 கிலோ வரை தாங்கும். உங்கள் வின்ச்சின் முழுத் திறனே 4,300 கிலோதான் என்பதால், வலிமையை வைத்து இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் பெயரில்லாத மலிவான ரோப்புகளில் இந்தக் கணக்கு செல்லாது. அறும் விசை எவ்வளவு என்று எழுத்தில் தராத எதையும் வாங்காதீர்கள்.

உண்மையான வேறுபாடு எடையில் இருக்கிறது. 28 மீட்டர் ஸ்டீல் கேபிள் சுமார் 10 கிலோ எடை இருக்கும். அதே நீளமுள்ள சிந்தெடிக் ரோப் 2 கிலோவுக்கும் குறைவு. மழையில் வழுக்கும் சரிவில் கொக்கியைத் தூக்கிக்கொண்டு மரத்தை நோக்கி ஏறுபவருக்கு இந்த வேறுபாடு உடனே புரியும். அதைவிட முக்கியமானது, இழுபட்ட நிலையில் அறுந்தால் என்ன ஆகும் என்பது. கனமான ஸ்டீல் கேபிள் தன் எடை முழுவதோடும் திரும்பி வீசும். வழியில் மனிதர் இருந்தால் உயிருக்கே ஆபத்து. இலேசான ரோப்பில் அந்த வேகமும் தாக்கும் விசையும் பெரிதும் குறைவு. தோட்டத்தில் ஜீப் சிக்கினால் வேலையாட்கள் எல்லாரும் கூடித் தள்ள வந்துவிடுவார்கள். அவர்கள் அருகில் நிற்கும் இடத்தில் ஸ்டீல் கேபிளை இழுக்கவிட எனக்கு மனம் ஒப்பாது. பிய்ந்த கம்பி முனைகளும் சிறிய தொல்லை அல்ல. தடித்த தோல் கையுறையையும் துளைத்துக் கையில் ஏறிவிடும்.

இனி ரோப்பின் பலவீனம். உராய்வு அதற்கு முதல் எதிரி. இழுபடும் ரோப் ஒரு கூரிய பாறை விளிம்பில் சற்று நேரம் உரசினாலே புரிகள் அறுபடும். ஸ்டீல் கேபிளும் அதே விளிம்பில் தேயும் என்றாலும் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். எனவே ரோப்பின் மேல் நகர்த்தக்கூடிய உராய்வு உறை ஒன்றை வாங்கி, பாறை படும் இடத்துக்கு அதை நகர்த்திக்கொள்ளுங்கள். மரத்தில் கட்டும்போது ரோப்பையே மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து அதன்மேலேயே கொக்கி மாட்டுவது, கேபிளானாலும் ரோப்பானாலும், செய்யக்கூடாத காரியம். அகலமான நாடாப் பட்டையை மரத்தில் சுற்றி, அதன் இரு முனைக் கண்களையும் ஷேக்கிளில் (திருகாணியால் மூடும் U வடிவ இரும்பு வளையம்) கோத்து, அந்த ஷேக்கிளில் கொக்கியை மாட்ட வேண்டும். மரத்தின் பட்டையும் உரியாது. மழைக்காலம் முடிந்ததும் ரோப்பை முழுவதுமாக வெளியே இழுத்து நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்திச் சுற்றுங்கள். இந்தப் பராமரிப்பைச் செய்ய வீட்டில் ஒருவரும் முன்வரமாட்டார் என்றால் கடைக்காரர் சொல்வதைக் கேட்டு ஸ்டீல் கேபிளையே போடுவது நல்லது. உங்கள் மகனே கேட்பதால், அவரே செய்வார் என்று நம்புகிறேன்.

கோயம்புத்தூர் வாசகர்: பழைய ஸ்டீல் கேபிளைக் கழற்றிவிட்டு அதே வின்ச்சில் சிந்தெடிக் ரோப்பைச் சுற்றினால் போதுமா? முன்பக்க ரோலர்களையும் மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: மாற்றத்தான் வேண்டும். ஆண்டுக்கணக்கில் கேபிள் ஓடிய ரோலர்களைக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறுகளும் பள்ளங்களும் விரலில் தட்டுப்படும். புது ரோப்புக்கு அவை அரம்போலத்தான். தவிர, பக்கவாட்டில் இழுக்கும்போது ரோலர்கள் சந்திக்கும் மூலையில் ரோப் சிக்கி நசுங்கும். ரோலர்களுக்குப் பதிலாக, ரோப்பை வழிநடத்த வளைந்த, வழவழப்பான வாயுள்ள அலுமினியச் சட்டம் (ஃபேர்லீட்) கிடைக்கிறது; அதைப் பொருத்துங்கள். பிற்காலத்தில் மீண்டும் ஸ்டீல் கேபிளுக்குத் திரும்பினால் அந்த அலுமினியத்தைக் கேபிள் அறுத்துவிடும் என்பதால், அப்போது ரோலர்களும் திரும்பி வர வேண்டும்.

ரோப் சுற்றப்படும் உருளையான டிரம்மையும் கவனியுங்கள். பழைய கேபிள் பதித்த கீறல்களை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். ரோப்பின் முனையை டிரம்மில் பிடித்திருக்கும் திருகு சுற்றத் தொடங்குவதற்காக மட்டுமே இருக்கிறது. சுமையைத் தாங்குவது டிரம்மில் மீந்திருக்கும் சுற்றுகளின் பிடிமானம்தான். ஸ்டீல் கேபிளில் ஐந்து சுற்றுகள் மீந்திருந்தால் போதும். சிந்தெடிக் இழை வழுக்கும் தன்மை உடையது என்பதால் பத்துச் சுற்றுகளாவது டிரம்மில் இருக்க வேண்டும். முதல் தடவை சுற்றும்போது தளர்வாகச் சுற்றினால், பிறகு சுமை ஏறும்போது மேலடுக்கு கீழடுக்குகளுக்கிடையே புதைந்து சிக்கிக்கொள்ளும். லேசான ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, அந்த வண்டியையே மெல்ல மேலே இழுத்தபடி சுற்றினால் தேவையான இறுக்கம் கிடைக்கும்.

பலரும் கேட்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. பிளானட்டரி கியர் (நடுப் பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் ஓடும் அமைப்பு) கொண்ட பல வின்ச்சுகளில் பிரேக் டிரம்முக்குள்ளேயே இருக்கிறது. சுமையோடு ரோப்பை வெளியே விடும்போது, அதாவது சரிவில் வண்டியை வின்ச்சால் பிடித்துக்கொண்டே கீழே இறக்கும்போது, அந்த பிரேக் உரசி டிரம் கொதிக்கும். ஸ்டீல் கேபிளுக்கு அது ஒரு பொருட்டில்லை. இந்தப் பாலிஎத்திலீன் இழையோ ஏறத்தாழ 145 பாகை செல்சியஸில் உருகிவிடும்; அதற்கு வெகுமுன்பே வலிமை இழக்கத் தொடங்கும். டிரம்மைத் தொடும் முதல் அடுக்கு உருகி இறுகியிருப்பது மேலடுக்குகள் மூடியிருப்பதால் தெரியாது. உங்கள் வின்ச்சின் பிரேக் டிரம்முக்கு வெளியே இருக்கிறதா என்று தயாரிப்பாளரின் கையேட்டில் பாருங்கள். உள்ளே இருந்தால், முதல் அடுக்கில் வெப்பம் தாங்கும் உறை உள்ள ரோப்பை வாங்குங்கள்; வண்டியை இறக்கும் வேலையைச் சிறிது சிறிதாக, டிரம்மை ஆறவிட்டுச் செய்யுங்கள்.

சேலம் வாசகர்: பழுதான வண்டிகளை ஏற்றிச் செல்லும் ரெக்கவரி லாரி வைத்திருக்கிறேன். நான் மாறலாமா?

பதில்: வேண்டாம். நாள்தோறும் பலமுறை, தளத்தின் இரும்பு விளிம்பில் உரசி, வெயிலில் கிடந்து, பலர் கையில் மாறி மாறிப் பயன்படும் வேலைக்கு ஸ்டீல் கேபிள்தான் ஏற்றது. எண்ணெய் பூசுங்கள், கையுறை போடுங்கள், முறுக்கு மடிந்த கேபிளை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தாதீர்கள். மடிந்த இடத்தில் வலிமை திரும்பாது. ஏற்றிய வண்டியைப் பயணத்தில் வின்ச்சை மட்டும் நம்பி நிறுத்தாமல் பட்டைகளால் தனியாகக் கட்டுங்கள். சிந்தெடிக் இழைக்குத் தொடர்ந்த சுமையில் மெல்ல நீளும் இயல்பு இருப்பதால், ரோப் போட்டவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

இராமநாதபுரம் வாசகர்: கடற்கரை மணலில் ஜீப் ஓட்டுகிறேன். உப்புக் காற்றில் கேபிள் துருவேறுகிறது. ரோப்புக்கு உப்பால் கேடு உண்டா?

பதில்: உப்பால் இல்லை, இந்த இழை துருப்பிடிக்காது, தண்ணீரில் மிதக்கும். மணல்தான் கேடு. பின்னலுக்குள் புகுந்த மணல் ஒவ்வோர் இழுப்பிலும் இழைகளை உள்ளிருந்து அறுக்கும். பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். வெயிலின் புற ஊதாக் கதிர் வெளிப்புற இழைகளை மெல்லக் கெடுக்கும் என்பதால், வின்ச்சுக்கு ஓர் உறை போட்டு மூடுங்கள்.

கோத்தகிரி வாசகர்: சிந்தெடிக் ரோப் அறுந்தால் ஆபத்தே இல்லை, அப்படியே கீழே விழுந்துவிடும் என்று நண்பர்கள் கூறுகிறார்கள். சரிதானா?

பதில்: இந்த நம்பிக்கை என்னைக் கவலைகொள்ளச் செய்கிறது. ஆபத்து குறைவு என்பதுதான் சரி. அறுவது ரோப் மட்டுமே என்றால் அது பெரும்பாலும் வேகமிழந்து விழும். ஆனால் ஷேக்கிள் உடைந்தாலோ, வண்டியில் கொக்கி மாட்டிய இடமே பிய்ந்து வந்தாலோ, அந்த இரும்புத் துண்டை ரோப் கவண்கல்லாக எறியும். ஆகவே கேபிளோ ரோப்போ, எந்த வடமானாலும் அதன் நேர்கோட்டில் யாரும் நிற்கக்கூடாது; இழுபடும் வடத்தின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில் விலகி நிற்க வேண்டும். வடத்தின் நடுவில் நனைத்த கனமான சாக்கு ஒன்றைப் போடுங்கள். இறுகிய வடத்தைத் தாண்டிச் செல்ல எவரையும் அனுமதிக்காதீர்கள். சுமை அதிகம் என்று தோன்றினால் கப்பி போட்டு வடத்தை இரட்டையாக்குங்கள். வின்ச்சின் மேலும் வடத்தின் மேலும் வரும் சுமை ஏறத்தாழ பாதியாகும், வேகமும் பாதியாகும்.

தேனி வாசகர்: அறுந்த ரோப்பை முடிச்சுப் போட்டுப் பயன்படுத்தலாமா? எப்போது தூக்கி எறிய வேண்டும்?

பதில்: முடிச்சு கூடாது. முடிச்சில் வலிமை பாதியோ அதற்கும் கீழோ ஆகிவிடும். வழுக்கும் இழை என்பதால் முடிச்சே உருவிக்கொள்ளும். மாறாக, பின்னலுக்குள் முனையைச் செருகி இணைக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். செருகும் நீளம் ரோப்பின் விட்டத்தைப்போல் 72 மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கமான அளவு; 10 மி.மீ. ரோப்புக்கு 72 செ.மீ. இதைக் காட்டிலேயே செய்யலாம் என்பது ரோப்பின் பெரிய வசதி. ஸ்டீல் கேபிள் அறுந்தால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

மேற்பரப்பில் மெல்லிய பஞ்சுபோல எழும்புவது இயல்பானது. அதற்காகக் கழிக்க வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு புரிகள் அறுந்திருந்தாலோ, தேய்மானத்தால் கால் பங்கு இழை போயிருந்தாலோ, அந்தப் பகுதியை வெட்டி எடுத்து இணைக்க வேண்டும். பல இடங்களில் அப்படியிருந்தால் ரோப்பையே கழிக்க வேண்டும். பளபளப்பாக இறுகிய இடம் தென்பட்டால் விரல்களால் முன்னும் பின்னும் வளைத்துப் பாருங்கள். இழைகள் பிரிந்து நெகிழ்ந்தால் அது அழுத்தத்தால் வந்த இறுக்கம் மட்டுமே. குச்சிபோல விறைத்து நின்றால் உருகியிருக்கிறது, அந்த ரோப்பில் இனி வண்டியை மாட்டாதீர்கள்.