அம்மனா, அக்கம்பக்கமா?

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் ஒரு காலனியில் இருக்கிறேன். அம்மாவும் அப்பாவும் 1972-ல் இலங்கையிலிருந்து மண்டபம் முகாம் வழியாக வந்து, டேன்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மூன்று வருடத்துக்கு முன் கணவர் தவறிவிட்டார். ஆறு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் கழுவ இழுத்துப் போனார்கள். அப்புறம் திருவிழாச் சமையல். இப்போது படுக்கையில் இருக்கும் இரண்டு பெரியவர்களுக்குக் காலையில் கஞ்சி கொண்டுபோகிறேன். ராத்திரி தூக்கம் வருகிறது. அம்மன்தான் காப்பாற்றினாள் என்று நினைக்கிறேன். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், ‘நாலு பேரோட பழகுறீங்க, அதான் காரணம். வாக்கிங் குரூப்ல சேர்ந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்’ என்கிறான். இன்னொன்றும் உறுத்துகிறது. என் நிம்மதிக்காகத்தான் இதையெல்லாம் செய்கிறேனோ? அப்படியென்றால் அது சேவையா?

(பெயர் வேண்டாம் என்றார்)

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சின்ன வெங்காய வாசனைதான் வந்தது. காரணம் சொல்கிறேன்.

2009 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கும். நீலகிரியில் 40-க்கும் மேற்பட்டோர் மண்சரிவில் போன மழை. குன்னூர் பக்கம் எங்கள் வீட்டுச் சமையலறை ராத்திரியோடு ராத்திரியாகப் பள்ளத்தில் இறங்கிவிட்டது. எங்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கீழ்வீட்டிலிருந்து இரண்டு பேர் வெளியே வரவே இல்லை. விடிந்தபோது ஒரு சர்ச் ஹாலில், சுவரோரம், ஈரக் கம்பளியோடு உட்கார்ந்திருந்தேன். யார் பேசினாலும் காதில் விழவில்லை. தலையில் துண்டைச் சுற்றிய ஒரு பாட்டி வந்து அரை மூட்டை வெங்காயத்தை என் முன்னால் கொட்டினார். ‘உரிப்பா. கண்ணுல தண்ணி வந்தா வெங்காயத்து மேல பழிய போட்டுக்கலாம்’ என்றார். உரித்தேன். மத்தியானம் வரை உரித்தேன். பள்ளிவாசல் பையன்கள் அரிசி மூட்டை கொண்டுவந்தார்கள், யாரோ அண்டா கொண்டுவந்தார்கள். அன்று சாயங்காலம்தான் எனக்குப் பேச்சு வந்தது.

அந்தப் பாட்டி ஒவ்வொரு மூட்டையைப் பிரிக்கும்போதும் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. ஆனால் அவருக்கு அது இல்லாமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் அந்த ஹாலில் அடுப்பு எரிந்திருக்குமா? எரிந்திருக்காது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இருவர் அமெரிக்காவில் இதை ஆராய்ந்து 2010-ல் எழுதினார்கள். வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருப்பதற்கு, அங்கே கிடைக்கும் நெருங்கிய நட்புதான் முக்கியக் காரணம் என்று கண்டார்கள். வாராவாரம் போயும் அங்கே நண்பர் ஒருவரும் இல்லாதவருக்கு அந்தப் பலன் தெரியவில்லை. இதுவரை மகன் பக்கம். ஆனால் அதே ஆய்வில், தன் சமயம் தனக்கு முக்கியம் என்று நினைப்பவர்களுக்குத்தான் அந்த நட்பு அவ்வளவு பலன் தந்தது. ஆக, வாக்கிங் குரூப்பும் கோயிலும் ஒன்றுதான் என்று சொல்லிவிட முடியாது. அது அமெரிக்கக் கணக்கு, நம் காலனிக் கணக்கல்ல. ஆனாலும் உங்கள் வெள்ளிக்கிழமைகளைப் பார்த்து எழுதியது போலத்தான் எனக்குப் படுகிறது. அம்மனையும் அந்தப் பெண்களையும் நீங்கள் தனித்தனியாகச் சந்திக்கவில்லையே.

திலகவதியாரை எடுத்துக்கொள்ளுங்கள். பெற்றோர் போனார்கள், மணம் பேசியிருந்தவர் போரில் இறந்தார். தம்பிக்காகத்தான் உயிர் வைத்திருந்தார். அவர் செய்தது என்ன? திருவதிகைக் கோயிலைக் கூட்டினார், மெழுகினார், பூத்தொடுத்தார். அந்தத் தம்பிதான் பின்னாளில் கோயில்களில் புல் செதுக்க உழவாரத்தைக் கையில் எடுத்த அப்பர். துக்கத்தில் இருப்பவர் கையில் துடைப்பம் கொடுப்பது நம் ஊரில் நேற்று வந்த பழக்கம் இல்லை, அக்கா.

சரி, உங்கள் உறுத்தல். விஸ்கான்சின் மாநிலத்தில் 1957-ல் பள்ளிப் படிப்பு முடித்தவர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பிறருக்காகத் தொண்டு செய்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. தனக்கு ஆகும் என்று செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் அதில் வித்தியாசம் இல்லை. சாரா கான்ரத் குழுவினர் 2012-ல் வெளியிட்டது. இதைக் கேட்டு ‘நான் எந்தப் பக்கம்?’ என்று பயந்துவிடாதீர்கள். காலையில் கஞ்சி வடிக்கும்போது உப்பைப் பற்றி யோசிப்பீர்கள், அந்தப் பெரியவருக்கு நேற்று இருமல் இருந்ததே என்று யோசிப்பீர்கள். உங்கள் நிம்மதி அந்த நேரத்தில் உங்கள் நினைப்பிலேயே இருக்காது. தூக்கம் தானாக வந்தது, அதற்குப் போய் ஏன் குற்றவுணர்ச்சி?

மகனோடு வாதாட வேண்டாம். அடுத்த தடவை வரும்போது தூக்குவாளியை அவன் கையில் கொடுத்து அந்த இரண்டு வீட்டுக்கும் கூட்டிப் போங்கள்.

இன்னொன்று. உங்களுக்கே காய்ச்சல் வந்தால் அன்று கஞ்சி யார் கொண்டுபோவது என்று அந்தப் பெண்களிடம் இப்போதே பேசி வையுங்கள். மழை தொடங்கினால் காலனிப் படிகள் வழுக்கும். அந்த மாதங்களிலாவது முறை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தம்பி