மாட்டுச் சந்தை: கேள்வி பதில்

கேள்வி: இரண்டு கலப்பினக் காளைகளைப் பொள்ளாச்சி சந்தையில் கொடுக்க இருக்கிறேன். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்துச் சொல்லும் விலை நியாயமா என்று கணக்குப் போட முடியவில்லை. எடைமேடை இல்லாமல் எடை தெரிந்துகொள்ள வழி உண்டா? (உடுமலைப்பேட்டை வாசகர்)

பதில்: உண்டு. மாட்டைச் சமதரையில், நான்கு காலும் ஒழுங்காக ஊன்றும்படி, தலையை நேராகப் பிடித்து நிறுத்துங்கள். முன்னங்கால்களை ஒட்டிப் பின்னால், திமிலுக்குப் பின்புறமாக நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும். தையல் டேப் 60 அங்குலம்தான். பெரிய காளைக்கு எட்டாது. கயிற்றால் சுற்றி, அந்தக் கயிற்றை அளந்துகொள்ளுங்கள். பிறகு தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரை நீளம். இரண்டையும் அங்குலத்தில் வைத்து, சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோவில் உயிர் எடை கிடைக்கும். சுற்றளவு 60, நீளம் 52 அங்குலம் என்றால் ஏறக்குறைய 284 கிலோ.

தவறு பெரும்பாலும் சுற்றளவில்தான் வரும். அதே மாட்டுக்கு 61 என்று அளந்துவிட்டால் 293 கிலோ காட்டும். ஓர் அங்குலத்துக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் வித்தியாசம். கயிறு தோலில் படிய வேண்டும், இறுக்கக் கூடாது. மூன்று முறை அளந்து சராசரி எடுங்கள். இது மதிப்பீடுதான், வயிறு பெருத்த மாட்டுக்கும் மிக மெலிந்த மாட்டுக்கும் கொஞ்சம் பிசகும்.

வியாபாரி உயிர் எடையைப் பார்ப்பதில்லை. எலும்போடு எத்தனை கிலோ கறி விழும் என்று பார்க்கிறார். நடுத்தர உடம்புள்ள காளைக்கு உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மெலிந்திருந்தால் இன்னும் குறையும். நம் 284 கிலோ காளையில் 48 சதவீதம் என்று வைத்தால் 136 கிலோ. அதிலிருந்து வண்டி வாடகை, தரகு, சுங்கம் எல்லாம் கழித்துத்தான் விலை கேட்பார். சந்தைக்குப் போகும் காலையில் வயிறு முட்டத் தண்ணீர் காட்டி எடையைக் கூட்டிக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். பழகிய கை பசிக்குழியை, அதாவது இடுப்பெலும்புக்கு முன்னால் விலாவில் உள்ள குழியை, தொட்டே அதைக் கண்டுபிடித்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் எந்த விலைக்கும் மதிப்பிருக்காது.

கேள்வி: வாராவாரம் விலை ஏறி இறங்குகிறது. எருமைக் கிடாக்களை எந்த வாரத்தில் கொண்டுபோவது? செய்தித்தாளில் வரும் சந்தை விலையை நம்பலாமா? (தாராபுரம் வாசகர்)

பதில்: முதலில் எந்தச் சந்தையின் விலை என்று பாருங்கள். ஈரோடு கருங்கல்பாளையத்தில் பேசப்படுவது பெரும்பாலும் கறவை மாட்டு விலை. அது பாலை வைத்துப் போடும் விலை, உங்கள் கிடாவுக்குப் பொருந்தாது. செவ்வாயும் வியாழனும் கூடும் பொள்ளாச்சி சந்தையைக் கேரள வியாபாரிகள்தான் நடத்துகிறார்கள் என்றே சொல்லலாம். கேரளத்தில் உள்ள கிராக்கியைப் படித்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பக்ரீத், ஈஸ்டர், கிறிஸ்துமஸ் மூன்றும் விலையை ஏற்றும். பண்டிகை அன்றைக்கு ஏறாது. வியாபாரி முன்கூட்டியே வாங்கி வைப்பதால் ஓரிரு வாரம் முன்பே சந்தையில் தெரியும். பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும், போன வருடத் தேதியை வைத்துத் திட்டமிடக் கூடாது. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் கேரளக் கிறிஸ்தவர்கள் பலர் கறி தொடுவதில்லை. அப்போது சந்தை மந்தம்.

இறக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் நம் பக்கம்தான். மழை பொய்த்து சோளத்தட்டு தீர்ந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் மாட்டை ஓட்டி வருவார்கள். வரத்து கூடும், விலை விழும். அந்த நெரிசலில் விற்பதைவிட, தீவனம் இருக்கும்போதே முன்கூட்டி விற்பது நல்லது. கோமாரி பரவினால் சந்தையையே மூடிவிடுவார்கள். தேர்தல் நடத்தை விதிகள் அமலில் உள்ள வாரங்களையும் தவிர்க்கப் பாருங்கள். ஆவணமில்லாமல் 50,000 ரூபாய்க்கு மேல் கொண்டுபோனால் பறக்கும் படை பிடிக்கும் என்பதால், ரொக்கத்தில் வாங்கும் வெளியூர் வியாபாரி வருவதே இல்லை.

ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனை பல் (வயதுக்கு அடையாளம்), அளந்த எடை, படிந்த விலை, வரத்து அதிகமா குறைவா. விலையை எடையால் வகுத்து கிலோவுக்கு என்ன என்று எழுதுங்கள். 'ஜோடி இவ்வளவுக்குப் போச்சு' என்ற பேச்சில் ஒன்றும் தெரியாது. போன வாரத்து ஜோடி பெரிதாக இருந்திருக்கலாம். பல் போடாத (பால் பல் விழாத) கன்றையும் கடை சேர்ந்த (எல்லாப் பல்லும் முளைத்து முடிந்த) கிடாவையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள். இரண்டுக்கும் கிலோ விலை வேறு.

கேள்வி: வாடகையை மிச்சம் பிடிக்க ஒரே லாரியில் எட்டு மாடு ஏற்றலாமா? (பழனி வாசகர்)

பதில்: கூடாது. 1978ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்ற முடியாது. பயணத்துக்குத் தகுதியானவை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்றும் கையில் வேண்டும். நெருக்கி ஏற்றினால் ஒன்று விழும், மற்றது மிதிக்கும். அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டிய கறியை வெட்டி எறிய வேண்டும். வாங்குபவர் அதையும் விலையில்தான் கழிப்பார்.