வசனத்தோடு பேசுகிறவர்களை எப்படிச் சோதிப்பது? – கேள்வி பதில்

உபதேசத்தைச் சோதித்தறிவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஓர் ஊழியரின் பெயரைச் சொல்லி "இவர் எப்படி?" என்று கேட்டவற்றை எடுத்துக்கொள்ளவில்லை. சோதிக்கும் முறை பிடிபட்டால் பெயர்ப் பட்டியலே உங்களுக்குத் தேவைப்படாது.

கேள்வி: ஐயா, நாங்கள் போகும் கூட்டத்தில் ஊழியர் ஜெபித்தால் நோய் குணமாகிறது. அவர் முன்னறிவித்தது நடந்தும் இருக்கிறது. அவரை எப்படிச் சந்தேகிப்பது?

பதில்: உபாகமத்தின் இரண்டு அதிகாரங்களைச் சேர்த்துப் படியுங்கள். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்கிறது 18-ஆம் அதிகாரம். அதை நாமாகவே திருப்பிப் போட்டு, நடந்துவிட்டால் கர்த்தர்தான் சொன்னார் என்று முடிவுகட்டிவிடுகிறோம். 13-ஆம் அதிகாரம் அந்த வழியை அடைக்கிறது: அடையாளம் சொன்னபடியே நடந்தாலும், அவன் வேறே தேவர்களிடம் கூப்பிட்டால் செவிகொடாதே. மத்தேயு 7-இல், "உமது நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினோமே" என்பவர்களிடம் இயேசு "நீங்கள் துரத்தவில்லை" என்று மறுக்கவில்லை. "உங்களை ஒருக்காலும் அறியவில்லை" என்கிறார். ஆகவே அற்புதம் நிஜமா என்ற விசாரணையிலேயே நின்றுவிடாதீர்கள். அதற்குப் பிறகு அவர் உங்களை யாரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறார் என்று பாருங்கள்.

கேள்வி: "கர்த்தர் அபிஷேகம்பண்ணினவரைத் தொடாதே" என்ற வசனம் இருக்கும்போது, ஊழியரின் பிரசங்கத்தை நாம் ஆராயலாமா?

பதில்: சங்கீதம் 105:15. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர் பரதேசிகளாக அலைந்தபோது அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குக் கொடுத்த எச்சரிக்கை அது. பிரசங்கத்தைக் கேள்வி கேட்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கர்த்தர் அபிஷேகம்பண்ணின ராஜா என்பதால் சவுலின்மேல் கைபோட மறுத்த தாவீதே, குகையைவிட்டு வெளியே வந்து, "நீர் ஏன் என்னை வேட்டையாடுகிறீர்?" என்று அவன் முகத்துக்கு நேரே நியாயம் பேசினான். அதே தாவீது தவறியபோது தீர்க்கதரிசியாகிய நாத்தான் வந்து கண்டித்தான். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டார். பவுல் சொன்னதையே பெரோயா பட்டணத்தார் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. பவுலைச் சோதிக்கலாம், இன்றைய மேடைப் பேச்சாளரைச் சோதிக்கக்கூடாது என்றால், அவர் பவுலைவிடப் பெரியவரா? இந்த வசனத்தை அடிக்கடி கேடயமாகப் பிடிப்பவரைக் கண்டால் நான் கூடுதலாகவே கவனிப்பேன்.

கேள்வி: அவர் வசனம் இல்லாமல் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. பிறகு எப்படித் தவறாக இருக்கும்?

பதில்: தம்பி, இயேசுவைச் சோதித்தபோது பிசாசும் வசனத்தோடுதான் வந்தான். அவன் எடுத்தது 91-ஆம் சங்கீதம், 11, 12-ஆம் வசனங்கள். மத்தேயுவில் பாருங்கள், "உன் வழிகளிலெல்லாம்" என்ற பகுதி அவன் வாயில் வரவில்லை. சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பது பற்றிய அடுத்த வசனத்துக்கும் அவன் போகவில்லை. போனால் அவனுக்கே சங்கடம்!

இன்று அதிகம் அடிபடும் வசனம் எரேமியா 29:11. "உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே" என்ற வாக்கை எடுத்து, இந்த மாதமே உனக்கு உயர்வு என்று முடிக்கிறார்கள். அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபம். வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அங்கேயே பிள்ளைகுட்டிகளோடு வாழுங்கள் என்று தொடங்குகிறது. 10-ஆம் வசனம் 70 வருஷம் என்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் திரும்பிவரப்போவதில்லை என்பதே அதன் பொருள். இன்னும் ஓர் அதிகாரம் பின்னே போங்கள்: அனனியா என்பவன், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் அறிவிக்கிறான். ஜனங்களுக்குப் பிடித்த செய்தி. எரேமியா அவனைப் பார்த்து, "நீ இந்த ஜனத்தைப் பொய்யை நம்பும்படி செய்தாய்" என்கிறார். அந்த வருஷமே அவன் செத்துப்போகிறான். விரைவான ஆசீர்வாதம் விற்றவனை மறுத்த அதே எரேமியாவின் நிருபத்திலிருந்தே ஒரு வசனத்தைப் பிடுங்கி, அதை வைத்து விரைவான ஆசீர்வாதம் விற்கிறார்கள்.

யார் யாருக்கு எழுதியது, முன்னும் பின்னும் என்ன இருக்கிறது: இந்த இரண்டையும் கேட்டாலே பாதிப் பிரசங்கங்கள் நிற்காது.

கேள்வி: ஞானஸ்நானம், அந்நியபாஷை, ஓய்வுநாள் என்று சபைக்குச் சபை மாறுகிறதே. எங்களோடு உடன்படாதவர்கள் எல்லாரும் கள்ளப்போதகர்களா?

பதில்: இல்லை, சகோதரி. போஜனம், நாள் விசேஷம் போன்றவற்றில் ஒருவரையொருவர் தீர்ப்புச் சொல்லாதிருக்கும்படி ரோமர் 14 கேட்கிறது. கோடு வேறு இடத்தில் இருக்கிறது: இயேசு யார், அவர் மாம்சத்தில் வந்தாரா, மரித்து உயிர்த்தாரா, இரட்சிப்பு கிருபையா அல்லது நம் சம்பாத்தியமா? கி.பி. 325-இல் நிசேயா பட்டணத்தில் சபைத் தலைவர்கள் கூடியதும் ஆரியு என்ற மூப்பரின் போதனையால்தான். குமாரன் படைக்கப்பட்டவர் என்பது அவர் வாதம். அதை ஏற்றுக்கொண்டால் சபை ஒரு சிருஷ்டியை ஆராதிப்பதாக ஆகிவிடும்.

தவறாகப் போதிப்பவர் எல்லாரும் வஞ்சகரும் அல்லர். அப்பொல்லோவுக்கு யோவானின் ஸ்நானம் மட்டுமே தெரிந்திருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவரைத் தனியே அழைத்து விவரமாக விளக்கினார்கள், அவர் ஏற்றுக்கொண்டார். திருத்தும்போது ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதில் நிறையத் தெரிந்துவிடும்.

கேள்வி: இயேசுவின் இரண்டாம் வருகையின் தேதியைச் சொல்பவர்கள்?

பதில்: அந்த நாளைப் பிதா தவிர ஒருவனும் அறியான் என்கிற மத்தேயு 24:36 போதும். வில்லியம் மில்லரைப் பின்பற்றியவர்கள் குறித்த 1844 அக்டோபர் 22-உம் வந்துபோனது, ஹெரால்ட் கேம்பிங் என்ற வானொலிப் பிரசங்கியார் குறித்த 2011 மே 21-உம் வந்துபோனது.

கேள்வி: காணிக்கை கேட்பதே தவறா?

பதில்: சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்குப் பிழைப்பு அதிலிருந்து வரலாம் என்கிறார் பவுல். ஆனால் ஆதிச்சபையின் மிகப் பழைய ஒழுங்குநூல்களில் ஒன்றான திதாக்கே, ஊர் ஊராக வரும் ஊழியர் புறப்படும்போது பணம் கேட்டால் அவர் கள்ளத்தீர்க்கதரிசி என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்கிறது. இன்றைக்கு என் அளவுகோல் இது: தொகைக்கு ஏற்ப ஆசீர்வாதம் என்று விலை பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: அண்ணா, என் அம்மா ஒரு தொலைக்காட்சிப் பிரசங்கியாரை முழுமையாக நம்புகிறார். எதைச் சொன்னாலும் சண்டைதான்.

பதில்: முதல் நாளே "கள்ளப்போதகர்" என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். அவர் நேற்றுச் சொன்ன வசனம் உள்ள அதிகாரத்தை அம்மாவோடு உட்கார்ந்து முழுவதும் வாசியுங்கள். நீங்கள் விளக்க வேண்டாம். "இது யாருக்கு எழுதினதும்மா?" என்று மட்டும் கேளுங்கள். மாதக்கணக்கில் ஆகலாம்.

ஒன்றில் மட்டும் பொறுமை காக்காதீர்கள். விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து என்று அவர் சொல்லி, அம்மா நிறுத்தியிருந்தால், அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார் (1 தீமோத்தேயு 5:23). தன்னோடு பயணம்செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதியோடு விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). அவர்கள் இருவரையும் விசுவாசம் இல்லாதவர்கள் என்று அவர் சொல்லவில்லை. அம்மாவிடம் இந்த இரண்டு வசனங்களையும் காட்டுங்கள். ஆனால் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு.