பழைய பென்ஸ் எம்.எல்.: வாங்கும் விலையும் வைத்திருக்கும் செலவும் – வாசகர் கேள்வி பதில்

பழைய சொகுசு எஸ்.யூ.வி. வண்டிகளின் பழுதுகள் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி சென்ற மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் மெர்சிடிஸ் பென்ஸின் இரண்டாம் தலைமுறை எம்.எல். குறித்தவையே மிகுதி என்பதால், இந்த மாதப் பகுதியை அந்த ஒரு வண்டிக்கே ஒதுக்கியிருக்கிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கலூசா ஆலையில் 2005 முதல் 2011 வரை தயாரான இதை, மெக்கானிக்குகள் ‘டபிள்யூ 164’ என்று குறிப்பிடுவார்கள்.

என்னுடைய 2008ஆம் ஆண்டு எம்.எல். 320 சி.டி.ஐ. 1,20,000 கி.மீ. ஓடியிருக்கிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் ஆயில் சொட்டுகிறது. பின்பக்க ஆயில் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

கியர்பாக்ஸை இறக்க இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்றால், தயவுசெய்து பொறுத்திருங்கள். உங்கள் வண்டியில் இருப்பது 2,987 சி.சி. வி6 டீசல் இன்ஜின். இரண்டு வரிசைச் சிலிண்டர்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், டர்போவுக்கு (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) கீழே, ஆயில் கூலர் பொருத்தப்பட்டிருக்கிறது. கூலருக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் இரண்டு சிறிய சீல்கள் உண்டு. டர்போவின் சூட்டில் ஆண்டுக்கணக்கில் வெந்து அவை நெகிழ்வை இழந்துவிடும்போது, கசியும் ஆயில் முதலில் அந்தப் பள்ளத்தில் தேங்கி, பிறகு பின்பக்கமாக வழிந்து, சரியாக நீங்கள் சொல்லும் இடத்தில் வந்து சொட்டுகிறது. கீழே படுத்துப் பார்க்கிறவருக்கு அது பின் ஆயில் சீல் கசிவாகவே தெரியும். கியர்பாக்ஸை இறக்கிப் புது சீல் போட்டு, எல்லாவற்றையும் மாட்டி முடித்த மறுவாரமே மீண்டும் சொட்டத் தொடங்கிய ஒரு வண்டியை நான் பார்த்திருக்கிறேன். அதன் உரிமையாளர் ஒரே கசிவுக்கு இரண்டு முறை கூலி கொடுத்தார்.

இதைக் கண்டுபிடிக்க எதையும் இறக்க வேண்டியதில்லை. இன்ஜின் மேல்மூடியை எடுத்துவிட்டு, மெல்லிய குழாய்க் கேமராவை டர்போவின் ஓரமாக அந்தப் பள்ளத்துக்குள் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளம் உலர்ந்திருந்தால் உங்கள் மெக்கானிக் சொன்னதே சரியாக இருக்கலாம். அங்கே ஆயில் கருமையாகத் தேங்கி நின்றால், கசிவு ஆயில் கூலர் சீலில் இருந்து வருகிறது என்று முடிவு செய்யலாம்.

செலவைப் பொறுத்தவரை, இரண்டு சீல்களின் விலை உங்கள் வண்டியின் 95 லிட்டர் டேங்கை ஒரு முறை நிரப்பும் தொகையைத் தொடாது. ஆனால் அவற்றைத் தொடுவதற்கு டர்போவையும், சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் இரண்டு இன்டேக் மேனிஃபோல்டுகளையும் கழற்றியாக வேண்டும். கவனமாகச் செய்கிற ஒருவருக்கு இரண்டு மூன்று நாள் வேலை இது. வெளி ஒர்க்‌ஷாப்பிலேயே மொத்தம் அரை லட்சத்தைத் தாண்டக்கூடும், கம்பெனி சர்வீஸில் அதைவிடக் கணிசமாகக் கூடும். பழைய வகைச் சீலையே திரும்பப் போட்டுவிடாமல், பின்னாளில் வந்த, சூட்டைத் தாங்கும் வைட்டான் வகைச் சீல்தான் போடப்படுகிறதா என்று சீலின் பெட்டியைப் பிரிக்கும்போது அருகில் நின்று பாருங்கள். இவ்வளவும் கழற்றிய பிறகு மேனிஃபோல்டில் படிந்த கரியைச் சுத்தம் செய்யாமல் மூடுவது வீண். அடுத்த கேள்விக்கான பதிலில் வரும் சிறிய சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

மேடு ஏறும்போது திடீரென்று இழுவை குறைந்து, ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிகிறது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிறிது நேரம் சரியாக ஓடுகிறது. டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், திருச்சி

டர்போவாக இருக்க வாய்ப்புண்டு. ஆனால் எம்.எல்.லின் டீசல் இன்ஜினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இன்டேக் மேனிஃபோல்டின் உள்ளே காற்றின் போக்கை மாற்றும் தடுப்பிதழ்களைத் திருப்பும் சின்ன மின்மோட்டாரை. இன்ஜினின் உள்ளே சேரும் ஆயில் ஆவியை வெளியே விடும் மூச்சுக்குழாய், டர்போவின் காற்று நுழைவாயிலுடன் சேரும் இடத்தில் ஒரு சீல் இருக்கிறது. அது தளர்ந்தால் ஆயில் ஆவி கசிந்து, நேர் கீழே இருக்கும் அந்த மோட்டாரின் மேல் சொட்டுச் சொட்டாக விழுந்து, உள்ளே இறங்கி அதைக் கெடுக்கிறது. மோட்டார் பதில் சொல்லாதபோது கணினி இன்ஜினைக் காப்பதற்காகத் திறனைக் குறைத்துவிடும். சில நூறு ரூபாய் சீலை உரிய நேரத்தில் மாற்றாததால் வரும் பெரிய பில் இது. பென்ஸுக்கான ஸ்கேனரில் பிழைக் குறியீட்டைப் (எரர் கோட்) படித்து, எந்தப் பாகத்தின் பெயர் வருகிறது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மோட்டாரைத் துண்டித்து அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்து விளக்கை அணைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அதை நான் ஏற்பதில்லை. இதழ்கள் கரி பிடித்து இறுகியிருந்தால் அந்த உண்மை மறைந்துபோகும்.

இரவு நிறுத்தினால் காலையில் முன்பக்கம் இடதுபுறம் தரையோடு தாழ்ந்து நிற்கிறது. ஸ்டார்ட் செய்தவுடன் எழுந்துவிடுகிறது. இப்படியே ஓட்டலாமா?
– வாசகர், மதுரை

ஓட்டலாம், ஆனால் இரட்டிப்புச் செலவை நோக்கி ஓட்டுகிறீர்கள். ஏர் சஸ்பென்ஷன், அதாவது காற்று அடைத்த ஸ்பிரிங்குகள் வண்டியைத் தாங்கும் அமைப்பு, சில எம்.எல்.களில் மட்டுமே உண்டு. உங்களுடையதில் இருக்கிறது, அதன் முன் இடது காற்று ஸ்பிரிங் கசிகிறது. கசிவை ஈடுகட்ட, காற்றடிக்கும் கம்ப்ரஸர் அளவுக்கு மீறி ஓடி எரிந்துபோகும். அதற்கு மின்சாரம் தரும் ரிலே சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் வண்டி நின்ற பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும். இன்று மாலை சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களிலும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். காலையில் கதவைத் திறக்காமல் மறுபடி அளங்கள், ஏனென்றால் கதவைத் திறந்தாலே சஸ்பென்ஷன் விழித்துக்கொண்டு தன்னைச் சரிசெய்யத் தொடங்கக்கூடும். எந்த மூலை எவ்வளவு இறங்கியது என்பது கையில் இருந்தால், நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் நீங்கள் பேச முடியும். அதன்பின் அந்த ஸ்பிரிங்கிலும் குழாய் இணைப்பிலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்பில் மட்டும் கசிவு என்றால் செலவு மிகச் சிறியது.

ஸ்பிரிங் போயிருந்தால், ஒரிஜினல் ஒன்றின் விலை லட்சத்தை ஒட்டி இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வேறு தயாரிப்பாளர்களுடையதும், புதுப்பித்து விற்கப்படுவதும் அதில் பாதிக்கும் கீழே கிடைக்கின்றன. உத்தரவாதம் எழுத்தில் தருபவரிடம் மட்டும் வாங்குங்கள்.

கியர் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய கண்ட்ரோல் யூனிட் போட்டுத் தருகிறேன் என்கிறார் ஒருவர்.
– வாசகர், சேலம்

ஒப்புக்கொள்ள வேண்டாம். ஏழு வேக ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கணினியும் (அவர் சொல்லும் கண்ட்ரோல் யூனிட்) வேக சென்ஸார்களும் ஒரே தட்டாக, கியர் ஆயிலுக்குள்ளேயே அமர்ந்திருக்கின்றன. அந்தக் கணினி உங்கள் வண்டியின் திருட்டுத் தடுப்பு அமைப்போடு பிணைக்கப்பட்டது. வேறு வண்டியினுடையதை அப்படியே மாட்டினால் வண்டி ஏற்றுக்கொள்ளாது. முதலில் கியர்பாக்ஸின் மின் இணைப்பு முனையைக் கழற்றிப் பாருங்கள். அதில் ஆயில் ஈரம் இருந்தால், முனையின் ஓரிங்குகள் (ரப்பர் வளையங்கள்) தளர்ந்து ஆயில் ஒயர் வழியாக மேலேறுகிறது என்று பொருள். அதை மாற்றுவது எளிய வேலை. கியர் ஆயிலை எப்போது மாற்றினீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. 60,000 கி.மீ.க்கு ஒரு முறை ஃபில்டருடன் மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பெட்ரோல் எம்.எல். 350 வாங்கினால் இந்தத் தொல்லைகள் இல்லைதானே?
– வாசகர், ஈரோடு

டீசலின் தொல்லைகள் இருக்காது. ஆனால் அதன் ஆரம்பகால வி6 பெட்ரோல் இன்ஜின்களில் அதிர்வைக் குறைக்கச் சுழலும் பேலன்ஸ் ஷாஃப்ட்டின் பற்சக்கரம் தேய்வது அறியப்பட்ட குறை. மாற்றுவதற்கு இன்ஜினையே இறக்க வேண்டும். பில் வண்டியின் விலையை நெருங்கிவிடும். இன்ஜின் எண் 468993 வரை உள்ளவற்றில் இந்தப் பாகம் மாற்றப்பட்டதற்கான ரசீது இல்லாவிட்டால் விலகிவிடுங்கள்.

டெல்லியிலிருந்து 2010ஆம் ஆண்டு டீசல் எம்.எல். ஒன்று, இங்கே புதிய சிறிய கார் விலையைவிடக் குறைவாக வருகிறது. வாங்கலாமா?
– வாசகர், சென்னை

டெல்லியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை விதித்து 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, அவை மலிவாகத் தெற்கே வரத் தொடங்கின. வாங்குவதற்கு முன் மூன்று தொகைகளைக் கேட்ட விலையோடு கூட்டிப் பாருங்கள். முதலாவது, என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) பெற்று இங்கே மறுபதிவு செய்வதற்கான சாலை வரி. இரண்டாவது, 15 ஆண்டு முடிந்த பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம்: 2022 ஏப்ரல் முதல் இது காருக்கு 5,000 ரூபாய், இறக்குமதி வண்டிக்கு 40,000 ரூபாய், 2025இல் வந்த திருத்தப்படி 20 ஆண்டைக் கடந்தால் இரண்டும் இரட்டிப்பாகும். எனவே ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) இறக்குமதி என்று பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, முதல் ஆண்டுப் பழுதுகளுக்கென்று வங்கியில் தொடாமல் வைக்கும் பணம். மேலே சொன்னவற்றில் இரண்டு சேர்ந்து வந்தாலும் தாங்கும்படி இரண்டு லட்சமாவது வேண்டும். வண்டியின் விலை இறங்கியிருக்கிறதே தவிர, அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை.

பார்க்கப் போகும்போது முன்சீட்டின் கீழே கம்பளத்தைக் கையால் அழுத்தி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். சன்ரூஃப் வடிகால் குழாய் அடைத்தால் மழைநீர் அங்கேதான் தேங்கும். நான்கு டயர்களும் ஒரே அளவில், ஒரே மாதிரித் தேய்ந்திருக்க வேண்டும், ஏனெனில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்லும் வண்டி இது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு முழுதும் நின்ற குளிர்ந்த வண்டியைத்தான் பார்க்க வேண்டும். சாய்ந்த மூலையும், தரையில் விழுந்த ஆயில் சொட்டும், முதல் ஸ்டார்ட்டின் சத்தமும் அப்போதுதான் தெரியும். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அன்று முன்பணம் கொடுக்காமல் திரும்பி, மறுநாள் விடியற்காலை போய்ப் பாருங்கள்.