கடையில் விற்கும் சிறிய சுறாக்கள் எல்லாம் குட்டிகளா?

கிருஷ்ணகிரி மீன் கடையில் பனிக்கட்டிமேல் கிடக்கும் முழ நீளச் சுறாக்கள் குட்டிகள்தாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விலங்கியல் பாடத்தில் வரும் ஸ்கோலியோடான் என்ற சிறிய சுறா இனம் சுமார் 35 செ.மீ. நீளத்திலேயே பருவமடைந்துவிடும். கரையோர ஆழமற்ற கடலில் கூட்டமாகத் திரிந்து இறால், சிறுமீன், கணவாய் தின்னும்.

அடிவயிற்றுத் துடுப்புகளின் உள்ஓரத்தைப் பாருங்கள்: விரல்போன்ற இரண்டு உறுப்புகள் விறைப்பாக நீண்டிருந்தால் அது முதிர்ந்த ஆண். பெண்ணின் கருவளர்ச்சிதான் எனக்குத் தீராத வியப்பு. முட்டையின் அளவு ஏறக்குறைய 1 மி.மீ.தான், மஞ்சள்கரு மிகக் குறைவு. ஆகவே கரு தாயின் உடலோடு நஞ்சுக்கொடியால் இணைந்து, உணவு பெற்று வளர்கிறது. பிறக்கும்போது குட்டியின் நீளம் 12 முதல் 15 செ.மீ.

பெரிய இனங்களின் குட்டிகளும் சில சமயம் அதே கூடையில் கலந்திருக்கும், அவற்றை வாங்காதீர்கள்.